சீமெந்துக் கல் சுவரில் பாரமான பெட்டியும் றாக்கையும் அலுமாரியும் பூட்டும் முறை

எங்கள் குசினிச் சுவரில் பூட்டியிருந்த மரப் பெட்டி விழுந்தது ஒரு மார்கழி மாத இரவில். மழை இரைச்சலில், ஏதோ மரக்கொப்பு முறிந்து கூரையில் விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் மாப்பேணியும் சீனிப்பேணியும் நிலமெல்லாம் உருண்டு கிடக்கின்றன. பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். நான் பூட்டியவை விரியும் இரும்பு போல்ட்டுகள்; கடையில் இருந்ததிலேயே தடிப்பானதாகப் பார்த்து வாங்கியவை. ஒன்றும் வளையவில்லை, ஒன்றும் முறியவில்லை. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிச் சாசர் அளவு சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது. சுவரில் நாலு பொந்து. டோர்ச் அடித்தால் உள்ளே வெறும் இருட்டு.

அடுத்த நாள் வந்து பார்த்த மேசன் தம்பி ஒரு கேள்விதான் கேட்டார்: "அண்ணை, உந்தச் சுவருக்குள்ள காத்துத்தான் இருக்குது. காத்துக்குள்ள போல்ட்டை இறுக்கினா அது எதைப் பிடிக்கும்?"

அந்தக் கேள்விக்கான விடையைத் தேடி நான் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். டிறில் மெசினைக் கையில் எடுத்தே பழக்கமில்லாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இலங்கையின் வன்னியில் 2009இல் போர் முடிந்த பின் கொட்டிலிலும் தகரக் கூடாரத்திலும் இருந்து கல்வீட்டுக்கு மாறியவர்கள் நாங்கள். இந்திய அரசின் உதவியோடு நடந்த வீட்டுத்திட்டத்தில் மட்டும் வடக்கிலும் கிழக்கிலுமாக 46,000 வீடுகள். ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், அதுவும் கட்டம் கட்டமாக. பெரும்பாலும் வீட்டுக்காரரே கல், மணல், சீமெந்து பார்த்துக் கட்டுவித்த வீடுகள் அவை. செலவைக் குறைக்க நடுவில் குழி விட்ட கல்லை வாங்கியவர்கள் உண்டு. வளவிலேயே அச்சு வைத்துக் கல் அரிந்தவர்களும் உண்டு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்று றாக்கை பூட்ட நிற்கும் சுவர்களில் பல அப்படிப்பட்டவை. அந்தக் கல்லில் வீடு கட்டியது பிழையில்லை. கூரையைத் தாங்க அது போதும். ஆனால் கூரையின் பாரம் கல்லை மேலிருந்து கீழே அமத்துகிறது. றாக்கை கல்லின் மெல்லிய முகத்தைப் பிடித்து வெளியே இழுக்கிறது. இரண்டும் வேறு வேலை.

முதலில் சுவரைப் படியுங்கள்

விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டு பக்கவாட்டில் போங்கள். திண்மையான இடத்தில் "டக்" என்று அடங்கிய சத்தம் வரும். குழி உள்ள இடத்தில் சத்தம் கொஞ்சம் திறந்து கேட்கும். பூச்சு தடிப்பாக இருந்தால் இதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. பெட்டி மறைக்கப்போகும் இடத்தில் 6 மில்லிமீற்றர் பிட்டால் (டிறில் மெசினில் மாட்டும் துளைக்கும் கம்பி) ஒரு சோதனைத் துளை போடுங்கள். வருகிற தூளைப் பாருங்கள். சிவப்பென்றால் செங்கல்; சாம்பல் நிறமென்றால் சீமெந்துக் கல். நாலைந்து சென்ரிமீற்றர் போனதும் பிட் திடீரென்று உள்ளே விழுந்தால், குழிக்கு வந்துவிட்டீர்கள்.

இனி அந்த முகம் எவ்வளவு தடிப்பு என்று அளக்க வேண்டும். பழைய சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றின் முனையை மூன்று மில்லிமீற்றர் அளவுக்கு மடித்துக் கொளுக்கியாக்குங்கள். துளைக்குள் விட்டு, பக்கத்துக்குத் திருப்பி, மெல்ல வெளியே இழுங்கள். கொளுக்கி முகத்தின் பின்பக்கத்தில் மாட்டும். சுவர் மட்டத்தில் கம்பியை விரலால் பிடித்து, எடுத்து அளந்தால் பூச்சும் கல்லின் முகமும் சேர்ந்த தடிப்பு கிடைக்கும். பூச்சு ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் மிச்சம்தான் கல். பெரும்பாலும் மூன்று சென்ரிமீற்றருக்குப் பக்கத்தில் வரும். மெல்லிய கல்லில் அதற்கும் குறைவு. அதே கம்பியை நேராக உள்ளே தள்ளி எதிர்முகத்தில் முட்டும் தூரத்தையும் குறித்துவையுங்கள். உட்குழியின் ஆழம் பின்னால் தேவைப்படும்.

தூள் எப்படி வருகிறது என்பதும் ஒரு சேதிதான். மாவாக, இறுக்கத்தோடு வந்தால் நல்ல கல். பிட்டை அமத்தாமலே மணலாக உதிர்ந்தால், சீமெந்து குறைத்து அரிந்த கல், அல்லது அரிந்த பின் சரியாகத் தண்ணீர் விடாத கல். அந்தச் சுவரில் எந்தப் பிளக்கையும் (திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை) நம்பாதீர்கள். எதிர்ப்பக்கம் வரை துளைத்துப் பூட்டும் முறை ஒன்றுதான் அதற்குச் சரி.

வயர் போகும் பாதையையும் பாருங்கள். சுவிட்சுக்கும் பிளக் பொயின்ருக்கும் நேர் மேலும் நேர் கீழும் குழாய் ஓடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் துளைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெசினுக்கு வேறு இணைப்பிலிருந்து வயர் இழுங்கள். 230 வோல்ற், இரும்பு பிட், வியர்த்த கை. இந்த விசயத்தில் அவசரம் வேண்டாம்.

பாரம் எங்கே போகிறது?

சுவரில் தொங்கும் எந்தப் பொருளும் இரண்டு வேலை செய்கிறது. கீழே இறங்கப் பார்க்கிறது. மேல் விளிம்பில் சுவரை விட்டு வெளியே சரியப் பார்க்கிறது. கீழே இறங்குவதைக் குழிக்கல்லும் ஓரளவு தாங்கும். வெளியே இழுப்பதுதான் முகத்தைப் பெயர்க்கும்.

சின்னக் கணக்கு ஒன்று. இரண்டு அடி உயரம், ஒரு அடி ஆழமான பெட்டி, சாமானோடு 40 கிலோ. பாரத்தின் நடு, சுவரிலிருந்து ஆறு அங்குலத்தில். நாற்பதை ஆறால் பெருக்கி, உயரமான 24 அங்குலத்தால் வகுத்தால், மேல் வரிசை ஆணிகள் எல்லாம் சேர்ந்து தாங்க வேண்டிய வெளியிழுப்பு 10 கிலோ. பயப்படும் அளவு இல்லை. இப்போது பன்னிரண்டு அங்குல அகல றாக்கை ஒன்றை எடுங்கள். அதைத் தாங்கும் இரும்பின் உயரம் எட்டு அங்குலம்தான். 20 கிலோ வைத்தாலே இழுப்பு 15 கிலோ. அதன் விளிம்பில் 25 கிலோப் பிள்ளை ஒன்று தொங்கினால் இன்னும் 37 கிலோவுக்கு மேல் கூடும். பிள்ளைகள் உள்ள வீட்டில் தொங்காமல் விடமாட்டார்கள். அதனால் றாக்கைக்கு உயரம் கூடிய தாங்கு இரும்பை வாங்குங்கள். காசு கொஞ்சம்தான் கூட. உயரம் இரண்டு மடங்கானால் ஆணிக்கு வரும் இழுப்பு பாதியாகக் குறையும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: நிலத்தில் நிற்கக்கூடிய எதையும் சுவரில் தொங்கவிடாதீர்கள். பாரத்தைக் காலால் நிலத்துக்கு இறக்கிவிட்டு, சரியாமல் பிடிக்கும் வேலையை மட்டும் சுவருக்குக் கொடுங்கள். குசினிப் பெட்டிக்கும் கீழே இரண்டு கால் கொடுத்து மேசையில் நிற்க வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

எதை வாங்குவது

விரியும் இரும்பு போல்ட் கொங்கிறீற்றுக்குச் செய்தது. இறுக்க இறுக்கச் சுற்றிவர நெருக்கித்தான் அது பிடிக்கும். மூன்று சென்ரிமீற்றர் முகத்தில் அந்த நெருக்கமே கல்லை வெடிக்கவைக்கும். என் குசினியில் நடந்தது அதுதான். குழிக்கல்லில் அது வேண்டவே வேண்டாம்.

சாதாரண றோல் பிளக் படம், மணிக்கூடு, துவாய் போடும் கம்பி போன்றவற்றுக்குப் போதும். அதிலும் ஒரு கவனம்: பிளக்கின் வாய் பூச்சில் நிற்கக்கூடாது. பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போகும்வரை ஆணித் தலையால் தட்டி உள்ளே இறக்குங்கள். பூச்சுக்குப் பலமில்லை. குழிக்குள் போனபின் திருகாணியை இறுக்க முடிச்சுப் போட்டுக்கொள்ளும் நைலோன் பிளக்கும் வருகிறது. 8 மில்லிமீற்றர் துளை, நம்பர் 10 திருகாணி. நடுத்தரப் பாரத்துக்கு நல்லது. திருகாணியின் நீளத்தைக் கூட்டிப் பார்த்து வாங்குங்கள்: பூட்டும் சட்டத்தின் தடிப்பு, பூச்சு, பிளக்கின் முழு நீளம், அதற்கு மேல் இன்னும் ஐந்து மில்லிமீற்றர். குறைந்தால் முடிச்சு விழாது.

ஸ்பிரிங் சிறகுள்ள போல்ட் அடுத்தது. மடித்து உள்ளே விட்டால் குழிக்குள் சிறகு விரித்து, முகத்தின் பின்பக்கத்தை அணைத்துப் பிடிக்கும். நெருக்காது, பரவிப் பிடிக்கும். குழிக்கல்லின் இயல்புக்கு ஏற்றது. இரண்டு குறை உண்டு. துளை பெரிது; 6 மில்லிமீற்றர் போல்டுக்கே 18 மில்லிமீற்றருக்குப் பக்கத்தில் வேண்டும். போல்ட்டை முழுதாகக் கழற்றினால் சிறகு உள்ளே விழுந்துவிடும். ஆறு அங்குலச் சுவரில் உட்குழி மூன்றரை அங்குலம் அளவில் இருக்கும், சிறகு தாராளமாக விரியும். அறைகளைப் பிரிக்கும் நாலு அங்குலச் சுவரில் ஒன்றரை அங்குலம்தான் மிஞ்சும். சிறகு விரியாமல் போகலாம். கம்பியால் அளந்த கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பசை ஊற்றிப் பூட்டும் முறையும் உண்டு. சல்லடை போன்ற பிளாஸ்டிக் உறையைத் துளையில் செருகி, இரண்டு மருந்து கலந்து வரும் பசையை உறையின் அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வெளியே வந்து, மரை வெட்டிய கம்பியைச் சுழற்றி உள்ளே தள்ள வேண்டும். பசை சல்லடைக் கண் வழியே பிதுங்கிக் குழிக்குள் குமிழாக இறுகும். நல்ல பிடி. ஆனால் பசைக் குழாய் விலை கூட, பசையைத் தள்ளத் துவக்குப் போன்ற கருவியும் வேண்டும். வெயில் நேரத்தில் நினைப்பதை விடக் கெதியாக இறுகும் என்பதால், குழாயில் போட்டிருக்கும் நேரத்தை வாசித்துவிட்டுக் காலையிலே செய்யுங்கள். சல்லடை உறை இல்லாமல் செய்தால் பசை முழுவதும் குழிக்குள் ஓடிப்போகும்.

என் மனதுக்கு மிகப் பிடித்தது எல்லாவற்றிலும் பழைய முறை: சுவரை ஊடறுத்துப் போல்ட் போடுவது. 10 மில்லிமீற்றர் மரைக்கம்பி, இந்தப் பக்கம் சட்டம், அந்தப் பக்கம் மூன்று அங்குலச் சதுர இரும்புத் தகடு, வாசர், நட். சுவர் முழுத் தடிப்பும் இடையில் நிற்பதால் முகம் பெயர இடமே இல்லை. அடுத்த அறையில் தகடு தெரியும், உண்மைதான். பெயின்ற் அடித்தால் கண்ணுக்கு உறுத்தாது. வெளிச்சுவர் என்றால் துளையை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகப் போடுங்கள், தகட்டின் ஓரத்தில் சிலிக்கோன் பூசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தத் துளையைத் தேடிக்கொண்டு வரும். நட்டை இறுக்கும்போது கையால் முடிந்த மட்டும் இறுக்கி, பிறகு ஸ்பனரால் அரைச் சுற்று. அதற்கு மேல் இறுக்கினால் இரண்டு முகமும் உள்நோக்கி நொறுங்கும்.

சட்டம் ஒன்றைப் பூட்டி, அதில் பெட்டியைத் தொங்கவிடுங்கள்

பெட்டியை நேரே சுவரில் பூட்டினால் அதன் இரண்டு மூலை எங்கே வருகிறதோ அங்கேதான் துளை. அந்த இடம் நல்ல இடமா இல்லையா என்று நீங்கள் தெரிவுசெய்ய முடியாது. மரச்சட்டம் ஒன்றை முதலில் சுவர் நீளத்துக்குப் பூட்டினால், நல்ல இடமாகப் பார்த்து ஆறு ஏழு திருகாணி பூட்டலாம். ஒன்று பிடிக்காவிட்டாலும் மற்றவை தாங்கும்.

ஓடாவியாரிடம் நாலு அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பில் சட்டம் கேளுங்கள். அதை நீளவாக்கில் 45 பாகைச் சரிவில் இரண்டாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு பாதி சுவருக்கு, சரிவு மேலே பார்க்க, கூர் விளிம்பு முன்னால் நிற்க. மற்றது பெட்டியின் முதுகுக்கு, தலைகீழாக. பெட்டியைத் தூக்கி மேலே வைத்தால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். நாளைக்கு வீடு மாறினாலும் பெட்டியைத் தூக்கி எடுத்துவிடலாம். முதிரை, பாலை, வைரம் பாய்ந்த பனை எதுவென்றாலும் முதலில் சிறு துளை போடாமல் திருகாணியை ஏற்றாதீர்கள். ஆணித் தலைதான் முறியும். மரையில் கொஞ்சம் சவர்க்காரம் தேய்த்தால் இலகுவாக இறங்கும். சட்டத்தின் பின்பக்கத்துக்குக் கறையான் மருந்து பூசிக் காயவிட்ட பிறகே சுவரில் வையுங்கள்.

இப்போது வேலை. மட்டம் பிடிக்க ரசமட்டம் இல்லாவிட்டால், மேசன்மார் செய்வதுபோல் தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் குறியுங்கள். அதைவிடச் சரியான மட்டம் கிடையாது. சட்டத்தில் துளைகளைப் போட்டு, சுவரில் பிடித்து, அவற்றுக்கூடாகப் பென்சிலால் குறியுங்கள். துளைக்குத் துளை நாலு அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும்.

டிறிலில் சுத்தியல் அடிக்கும் விசை இருந்தால் அதை நிறுத்துங்கள். இதைத்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். சுத்தியல் விசையோடு துளைத்தால் முன்பக்கத் துளை அழகாக இருக்கும். முகத்தின் பின்பக்கம் புனல் மாதிரி உடைந்து உள்ளே விழும். மூன்று சென்ரிமீற்றர் கல் ஒன்றரையாகிவிடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. கல்லுக்கான பிட்டை மாட்டி, சுழற்சியில் மட்டும், மெதுவாக. முதலில் 5 மில்லிமீற்றர், பிறகு தேவையான அளவு. முகத்தைக் கடக்கும் நேரத்தில் அமத்துவதைக் குறையுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வாய்க்கும் மூக்குக்கும் தூசு தடுக்கும் முகக்கவசம் போடுங்கள், சீமெந்துத் தூள் நெஞ்சுக்குக் கூடாது.

ஒவ்வொரு துளையும் வேறு கதை சொல்லும். ஒன்றில் பிட் குழிக்குள் விழும். அடுத்ததில் விழாமல் திண்மையாகவே போகும். அது கல்லின் நடுத்தடுப்பு, நல்ல இடம், அங்கே நீளமான பிளக் ஒன்று போடலாம். இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள சாந்துப் பொருத்தில் விழுந்தால் அந்தத் துளையை விட்டுவிட்டு இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

எல்லா ஆணியையும் பாதி ஏற்றிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறுக்குங்கள். திருகாணி இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பிளக் பிடிக்கவில்லை. தீக்குச்சி செருகிச் சமாளிக்க வேண்டாம். கழற்றிவிட்டு வேறு முறைக்குப் போங்கள்.

பெட்டியை வைக்கும் முன் சட்டத்தைச் சோதியுங்கள். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றில், பெட்டியும் சாமானும் சேர்ந்த பாரத்துக்குக் குறையாமல் மணல் போட்டுக் கயிற்றால் சட்டத்தில் தொங்கவிடுங்கள். ஒரு இரவு நிற்கட்டும். காலையில் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் புதிதாக ஒரு நூல் அளவு நீக்கம் தெரிந்தாலும் அந்தப் பூட்டு சரியில்லை.

உயரமான அலுமாரிக்கு

உடுப்பு அலுமாரி, புத்தக அலுமாரி இவற்றின் பாரம் நிலத்தில்தான். ஆனால் பிள்ளை கீழ்த்தட்டில் ஏறி நின்றாலோ, லாச்சிகள் எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்தாலோ முன்னால் கவிழும். ஆறடித் தேக்கு அலுமாரி கவிழ்ந்தால் பெரிய ஆளாலும் தாங்க முடியாது. முன்காலுக்குக் கீழே மெல்லிய ஆப்பு வைத்து, ஒரு மயிரிழை பின்னால் சாயவிடுங்கள். உச்சியில் இரண்டு எல் வடிவ இரும்பு, ஒவ்வொரு பக்கமும் ஒன்று. அவற்றை முதுகுப் பலகையில் பூட்டாதீர்கள், அது வெறும் மெல்லிய ஒட்டுப்பலகை. மேல் சட்டத்தில் பூட்டுங்கள்.

இங்கே உங்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. கதவு, யன்னலுக்கு மேலே லிண்டல் பீம் சுவரைச் சுற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது கம்பி போட்ட கொங்கிறீற், உள்ளே குழி இல்லை. அலுமாரியின் உச்சி அதற்குக் கிட்ட வந்தால், ஒரு இரும்புப் பட்டையை மேலே நீட்டிப் பீமில் பூட்டிவிடுங்கள். அங்கே சாதாரண 8 மில்லிமீற்றர் றோல் பிளக்கே போதும். சுத்தியல் விசையும் போடலாம். துளையில் பிட் முன்னேறாமல் நின்றால் கம்பியில் முட்டியிருக்கும், ஒரு அங்குலம் தள்ளுங்கள்.

இன்னும் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு

நீங்கள்தான் கொடுத்துவைத்தவர்கள். குசினிப் பெட்டி எங்கே வரும் என்று இப்போதே சுவரில் கோடு போட்டு மேசனிடம் காட்டுங்கள். அந்த வரிசைக் கற்களின் குழியைக் கொங்கிறீற்றால் நிரப்பச் சொல்லுங்கள்: சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, சிறு சல்லி நாலு. கீழ்க் குழிக்குள் கொட்டிப் போகாமல் சாக்குத் துண்டை அடைத்துவிட்டு ஊற்றினால் சரி. ஒரு வரிசைக்கு ஒரு பையே போதும். ஏழு நாளாவது ஈரம் காயாமல் தண்ணீர் விடுங்கள், ஒரு மாதம் கழித்துத் துளையுங்கள். எங்கே நிரப்பியது என்பதைப் பூச்சுப் பூச முன்பு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூசிய பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பழைய சுவரிலும் இதைச் செய்யலாம். என் குசினியில் அந்த நாலு பொந்தையும் அப்படித்தான் அடைத்தோம். உடைந்த ஓரங்களைத் தட்டி எடுத்து, உள்ளே தண்ணீர் தெளித்து, அடியில் சாக்கு அடைத்து, கலவையைக் கையால் திணித்தோம். ஒரு மாதம் கழித்து அந்த நாலு இடத்திலும், இடையில் இன்னும் மூன்று இடத்தில் சிறகு போல்ட்டுமாகச் சட்டம் பூட்டினேன்.

பூட்டிய ஒரு மாதத்தில் ஒருமுறை எல்லா ஆணியையும் இறுக்கிப் பாருங்கள். மரம் காய்ந்து சுருங்குவதால் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதற்குப் பிறகு மாரி முடியும் தை மாதத்தில் வருடம் ஒருமுறை. முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருப்பவர்கள் உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகு ஆணியே வாங்குங்கள். மற்ற இடங்களில் நாகம் (சிங்க்) பூசிய ஆணி போதும். ஆணித் தலையைச் சுற்றிச் சுவரில் மண்ணிறக் கசிவு தெரிந்தால், சாமானை இறக்கிவிட்டு அந்த ஆணியை அன்றைக்கே மாற்றுங்கள்.